பர்மா தெரியாத பர்மாக்காரி

வடிவு எட்டு வயதில் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி ரங்கூனுக்குப் போனவள். நாற்பதைத் தாண்டிய பிறகு, 1964-ஆம் வருஷம் ஆடி மாதத்தில், மகன் பழனியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் திரும்பி வந்து சேர்ந்தாள். புருஷன் காசிநாதன் வரவில்லை. அரிசி ஆலையில் மூட்டை சரிந்து விழுந்து செத்து, பல வருஷமாக ரங்கூன் மண்ணுக்குள் கிடந்தான். அவன் போன பிறகு சந்து முனையில் வெற்றிலை, கருவாடு, தீப்பெட்டி விற்கும் சின்னக் கடை ஒன்றை வைத்து அவள் பிழைத்தாள். அறுபத்துநாலில் ராணுவ அரசாங்கம் கடைகளையெல்லாம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். அவளும் ஏறினாள்.

பிறந்தது திருமுக்கூடலுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில். அங்கே இப்போது அவளுக்கென்று யாரும் இல்லை. தம்பி பரசுராமன் காஞ்சிபுரத்தில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பிள்ளையார்பாளையம் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அவன் குடிசை. அதை ஒட்டி அக்காவுக்கு ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தான். நெசவுக்கார வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் வேலை வடிவுக்குக் கிடைத்தது. ராட்டினத்தைச் சுழற்றி, பட்டு நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் ஏற்றித் தரவேண்டும். இருபது வயதுப் பழனி ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தான். அவன் ரங்கூனில் பிறந்து பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் பேசும் தமிழைக் கேட்டுக் கடையில் சிரித்தார்கள்.

வந்த புதிதில் தெருவே அவளைப் பார்க்க வந்தது.

“ஏங்க்கா, அந்த ஊர்ல பாம்பு துன்னுவாங்களாமே?”

“பொம்பளைங்கல்லாம் சுருட்டு புடிப்பாங்களாமே, நெசமா?”

தம்பி பெண்டாட்டி கங்கையம்மாள் எல்லோருக்கும் முந்திக்கொண்டு, “எங்க அண்ணிக்குத் தெரியாததா? முப்பது வருஷம் அங்கயே இருந்துக்கினு வந்தவங்களாச்சே” என்பாள்.

வடிவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. ஒண்ட வந்தவள் என்பதைவிடப் பர்மாக்காரி என்பது கௌரவமாக இருந்தது. நெசவுக்கார வீட்டு வாசலில் தாரைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறவளைக்கூட, “ஒக்காரும்மா, அந்த ஊர்க் கதை ஒண்ணு சொல்லு” என்றார்கள். அவளும் உட்கார்ந்து, தெரிந்ததும் தெரியாததுமாகச் சொன்னாள்.

அப்படித்தான் பேச்சு ராமலிங்கத்தின் காதுக்கு எட்டியது. அவர் சுற்றுப்புறக் கிராமத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு டவுனில் கட்சி வேலைக்கு வந்தவர். பர்மா அகதிகளுக்கு உதவி கேட்டுத் தேரடிப் பக்கத்தில் ஒரு பொதுக்கூட்டம் போட்டிருந்தார்.

“நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணும் வடிவும்மா.”

“மேடைலயா? எனுக்கு இன்னா தெரியும்பா?”

“நடந்ததைச் சொல்லு. கொஞ்சம் உருக்கமா சொல்லு, அவ்ளோதான்.”

கூட்டத்தன்று மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். துறைமுகத்தில் அதிகாரிகள் பெட்டியைக் கொட்டிக் கலைத்ததைச் சொன்னாள். காதிலிருந்த கம்மலைக் கழற்றச் சொன்னதைச் சொன்னாள். நடந்ததுதான். ஜனங்கள் உச்சுக் கொட்டினார்கள். ஆனால் பின்வரிசையில் பேச்சுச் சத்தம் அடங்கவில்லை. ஒருவன் எழுந்து பீடி வாங்கப் போனான். இன்னும் ஏதோ தரவேண்டும், தராமல் இறங்கினால் அவமானம் என்று வடிவுக்குத் தோன்றியது. வாய் தானாக முந்திக்கொண்டது.

“கப்பலுக்குப் போறப்போ எங்க தெரு பர்மாக்காரங்க வாசல்ல நின்னுக்கினு சிரிச்சாங்கப்பா. முப்பது வருஷம் பழகுனவங்க. எங்க மூஞ்சில காறித் துப்புனாங்க!”

கூட்டம் அடங்கியது. ஒரு கிழவி “அய்யோ, பாவிங்களா” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கைதட்டல் எழுந்தது. ராமலிங்கம் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். வடிவு அழுதாள். அந்த நேரத்தில் துப்பியது நிஜம் என்றே அவளுக்கு இருந்தது.

நிஜத்தில் நடந்தது வேறு. கப்பல் ஏறுகிற அன்று அந்தத் தெருவிலிருந்து துறைமுகம் வரை வந்தவள் ஒருத்திதான்: பக்கத்து வீட்டு மா மியா. சந்து முனையில் மோகிங்கா விற்கிறவள். மீன் குழம்பை அரிசிச் சேமியாவில் ஊற்றித் தருகிற, அந்த ஊர்க் காலைப் பலகாரம் அது. ‘மா மியா’ என்பது ‘மாமியா’ என்று ஒலிப்பதால், “இன்னாமே, ஒன் மாமியா வந்துட்டாடி” என்று தமிழ்ப் பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். வடிவும் சிரித்திருக்கிறாள். அன்று மா மியா விடியற்காலையிலேயே வந்து, வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோற்றோடு கம்பி வேலிக்கு வெளியே மழையில் நின்றாள். வடிவுக்கு அந்த நாட்டின்மேலேயே ஆத்திரம். யாரைப் பார்த்தாலும் கம்மலைப் பிடுங்கியவன் முகம்தான் தெரிந்தது. வேலிப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழனிதான் ஓடிப்போய்ப் பொட்டலத்தை வாங்கி வந்தான். கப்பலில் முதல் இரண்டு வேளை அந்தச் சோற்றைத்தான் தின்றார்கள்.

தேரடிக் கூட்டத்துக்குப் பிறகு வாலாஜாபாத்தில் கூப்பிட்டார்கள், உத்திரமேரூரில் கூப்பிட்டார்கள், செய்யாற்றில் கூப்பிட்டார்கள். ஊருக்கு ஊர் எச்சில் வளர்ந்தது. உத்திரமேரூரில் சொன்னபோது கதையில் கல்லும் விழுந்தது. செய்யாற்றுக் கூட்டத்துக்குத் துணையாக வந்திருந்த பழனி திரும்பும் பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

“எப்பம்மா துப்புனாங்க?”

வடிவு பஸ் டிக்கெட்டை மடித்துச் சுருக்குப்பையில் போட்டாள்.

“நானும் உன்கூடத்தான் வந்தேன். எனக்கு ஞாபகம் இல்ல. அதான் கேக்குறேன்.”

“கம்முனு வாடா. எல்லாம் ஒரு பேச்சுக்கு சொல்றதுதான்.”

“மா மியா அத்தையுமா துப்புனாங்க?”

பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். வடிவு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். காஞ்சிபுரம் வரும்வரை அதை எடுக்கவில்லை.

மார்கழி மாதத்தில் மங்கையர்க்கரசி என்ற டீச்சர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லித் தருகிறவர். வீடு பெரிய காஞ்சிபுரத்தில். படிப்பகத்தில் மாதம் ஒரு அயல்நாட்டைப் பற்றிப் பேச ஏற்பாடு செய்திருந்தார்கள். தை மாதத்துக்குப் பர்மா. டீச்சர் புத்தகங்களைப் படித்து வைத்திருந்தார். அங்கே வாழ்ந்தவரிடம் கேட்காமல் பேசுவது சரியில்லை என்று தோன்றியதாம். சாய்ப்புக்குள் வந்து தரையிலேயே உட்கார்ந்தார்.

“உங்க பக்கத்து வீட்டுக்காரங்க எந்த ஊர்லேருந்து ரங்கூனுக்கு வந்தவங்க, வடிவம்மா? சொந்தமா நிலம் இருந்துச்சா?”

“தெரியாதும்மா.”

“நாற்பத்தேழுல அவங்க தலைவர்களைச் சுட்டுக் கொன்னாங்களே, அன்னைக்கு ரங்கூன் எப்படி இருந்தது?”

வடிவு யோசித்தாள். “அன்னிக்கு மார்க்கெட்டு மூடிட்டாங்க. அதான் ஞாபகம் இருக்குது. கருவாடு வாங்க முடியல.”

டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் வடிவுக்குச் சங்கடமாக இருந்தது. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அங்கே விவசாயி யார், நெல் யார் கைக்குப் போயிற்று, புத்த பிக்குகள் ஏன் அரசியலில் இறங்கினார்கள், இந்தியர்மேல் கோபம் எப்போது வந்தது? ஒவ்வொன்றுக்கும் “தெரியாதும்மா” என்றாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் தைரியமாக வாய் திறந்தாள்.

“அவங்க எப்பவுமே அப்படித்தாம்மா. எங்கப்பன் துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு. வெட்டு குத்து நடந்தப்போ கிடங்குல ஒளிஞ்சிக்கினு உயிர் தப்புனாரு. காரணமே இல்லாம வெட்டுனாங்கன்னு சொல்லுவாரு.”

“முப்பதாம் வருஷமா?” என்றார் டீச்சர். “நம்ம ஆளுங்க கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் பண்ணியிருந்தாங்க. கம்பெனிக்காரங்க பர்மாக்காரங்களைக் கூப்பிட்டு வேலை குடுத்தாங்க. நம்ம ஆளுங்களோட சமாதானம் ஆனதும் அவங்களைப் போகச் சொல்லிட்டாங்க. அன்னைக்குக் காலைல வேலைன்னு வந்தவங்க வெறுங்கையோட திரும்பினாங்க. அதைப் பார்த்து நம்ம ஆளுங்க சிலர் கேலி பண்ணிச் சிரிச்சாங்கன்னு எழுதியிருக்காங்க. அங்கதான் சண்டை ஆரம்பிச்சுது. அப்புறம் நடந்தது கொடுமைதான். செத்தவங்கள்ல ரொம்பப் பேர் நம்மவங்கதான். ஆனா காரணமே இல்லாம இல்ல.”

சிரித்தார்கள் என்ற சொல் வடிவைச் சுட்டது. அப்பன் கதையில் அந்தச் சிரிப்பு இருந்ததே இல்லை.

மூலையில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த பழனி தலை நிமிராமல் சொன்னான்:

“மா மியா அத்தை வீட்டுக்கு நிலம் இருந்துச்சு டீச்சர். கடலோரப் பக்கம், பியாபோன்ல. நெல் விலை விழுந்தப்போ வட்டிக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நம்ம பக்கத்துலேருந்து போன வட்டிக்காரங்கதான். அப்புறம்தான் ரங்கூன் வந்து கடை போட்டாங்க.”

வடிவு மகனைத் திரும்பிப் பார்த்தாள். “உனுக்கு எப்படிடா தெரியும்?”

“கேட்டேன், சொன்னாங்க.” ஒட்டை விரலால் அழுத்திக்கொண்டே சேர்த்துச் சொன்னான்: “மியான்னா மரகதம். அதாச்சும் தெரியுமா உனக்கு?”

டீச்சர் பேச்சை மாற்ற நினைத்து, அறுபத்திரண்டில் ரங்கூன் சர்வகலாசாலையில் மாணவர்களைச் சுட்டதைப் பற்றிக் கேட்டார். பழனி எழுந்து வெளியே போய்விட்டான். வடிவு ராட்டினத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, “அப்பல்லாம் நாங்க கதவைச் சாத்திக்கினு உள்ளார இருந்தோம்மா” என்றாள்.

அது பொய்யில்லை. மா மியாவின் மகன் டின் மவுங் அந்தச் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தான். பழனிக்கு மிதிவண்டி ஓட்டப் பழக்கியவன் அவன்தான். சுட்ட அன்று இரவு அவன் வீடு வரவில்லை. மறுநாள் விடியலில் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். தூரத்தில் இடி உருண்டதுபோல் சந்து வரைக்கும் கேட்டது. நம்மூர் விவகாரமில்லை, நமக்கெதற்கு என்று வடிவு கதவைத் தாழ் போட்டாள். அழுத பையனைக்கூட வெளியே விடவில்லை. காசிநாதன் செத்தபோது காரியம் முடிகிறவரை இந்த வீட்டுக்குச் சோறு பொங்கிப் போட்டவள் மா மியா. அந்த மா மியா சில நாள் கழித்து வெற்றிலை வாங்கக் கடைக்கு வந்து, வாங்காமல் நின்றாள். உதடு ஏதோ சொல்ல வந்தது. வடிவு வெற்றிலையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: “நாளைக்காவது கடை போடுவியா? எம் புள்ள காலைல பட்டினியா கிடக்குறான்.”

மா மியா தலையை ஆட்டினாள். மறுநாள் கடை போட்டாள். டின் மவுங் திரும்பவே இல்லை. உடலையும் தரவில்லை. அவனைப் பற்றி வடிவு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டீச்சரிடம் இதை அவள் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே பெரிய காஞ்சிபுரத்துக்கு நடந்துபோனாள். “அந்தப் புஸ்தகத்துல இருக்கறதை எனுக்குப் படிச்சிச் சொல்றியாம்மா?” என்று கேட்டாள். டீச்சர் படித்துச் சொன்னார். கடைசி ராஜாவை வெள்ளைக்காரன் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோன கதை, அந்த நாட்டைப் பல வருஷம் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே வைத்திருந்த கதை, கூலிக்கு ஆளில்லை என்று கப்பல் கப்பலாக நம் ஜனங்களை இறக்கிய கதை. தான் நின்ற இடம் எது என்று வடிவுக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. அவள் யார் சோற்றையும் பிடுங்கவில்லை, வயிற்றுக்காகப் போனவள். ஆனாலும் அவர்கள் வீட்டுக்குள் அவர்களைக் கேட்காமல் கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்டவள். உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஒருமுறையாவது பார்த்திருக்கலாம்.

தை நடுவில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. பள்ளிகள் மூடின. காஞ்சிபுரம் வீதிகளில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். டீச்சரின் தம்பி இளங்கோவன் தெற்கே வேறொரு ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மாசியில் அந்தப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் செய்தி வந்தது. இளங்கோவன் என்ன ஆனான் என்று தெரியவில்லை.

விஷயம் தெரியாமல் வழக்கம்போலப் போன வடிவு, டீச்சர் வீட்டு வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துத் திகைத்தாள். கூடம் முழுக்கப் பெண்கள். யாரோ காப்பி போட்டார்கள், யாரோ டீச்சரின் தாயாரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மூன்று தெரு தள்ளி இருக்கிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

அன்று மா மியா வீட்டில் இதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. இவ்வளவுதான். இதற்குப் பர்மிய மொழிகூட நன்றாகத் தெரிய வேண்டியதில்லை.

வடிவு வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுகை பொங்கியது, அடக்க முடியவில்லை. தூணோரமாக இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “யாரு இது? சொந்தக்காரங்க மாதிரி அழுவுறாங்க” என்றாள். “பர்மாவுலேருந்து வந்தவங்க. டீச்சர் மேல அவ்ளோ பிரியம்” என்று பதில் வந்தது. அதைக் கேட்டு வடிவுக்கு உடம்பு கூசியது. இந்த வீட்டுக்காக அழவில்லை என்று அவளுக்குத் தெரியும். செலவில்லாமல் நல்ல பெயரும் கிடைத்துவிட்டது.

இளங்கோவன் பிழைத்தான். தொடையில் குண்டு பாய்ந்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, கோலூன்றி வந்தான்.

அதற்குப் பிறகு ராமலிங்கம் கூப்பிட்ட எந்தக் கூட்டத்துக்கும் அவள் போகவில்லை. அறுபத்தேழு தேர்தலுக்கு முன்னால் அவரே அவள் வீட்டுக்கு வந்தார்.

“இன்னா வடிவும்மா, நம்ம மேல கோவமா?”

“கோவம்லாம் இல்லப்பா. நான் சொன்னதுல துப்புனது நடக்கல. கல்லடிச்சதும் நடக்கல.”

ராமலிங்கம் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி, விடு. அதுக்குன்னு வெளிய சொல்லிக்கினு திரியாதே. ஜனங்க அழுதாங்க, அகதிங்களுக்கு அரிசி வந்துது. நல்லதுதானே நடந்துது?” என்றார். அந்த அரிசியில் அவளும் பொங்கித் தின்றிருந்தாள்.

சில நாள் கழித்து அதே தேரடியில் கூட்டம். ராட்டினத்தை விட்டு எழுந்து வடிவும் போய்ப் பின்னால் நின்றாள். எல்லம்மாள் என்று ஒருத்தியை மேடையேற்றினார்கள். அவளும் ரங்கூனிலிருந்து வந்து வாலாஜாபாத்தில் இருந்தவள். எல்லம்மாள் நன்றாகப் பேசினாள். துறைமுகத்தைச் சொன்னாள். பிறகு, “எங்க தெருக்காரங்க வாசல்ல நின்னுக்கினு சிரிச்சாங்க. மூஞ்சில காறித் துப்புனாங்க” என்றாள். சொல்லுக்குச் சொல் வடிவின் வார்த்தை. அந்த இடத்தில் குரலை இறக்குவதுகூட அவளைப்போலவே இருந்தது. கூட்டம் “அய்யோ” என்றது. வடிவுக்குப் பக்கத்தில் நின்றவன் பர்மாக்காரர்களைக் கெட்ட வார்த்தையால் திட்டினான்.

கூட்டம் முடிந்ததும் வடிவு எல்லம்மாளைத் தேடிப் பிடித்தாள்.

“ஏம்மா, உன் மேல யாரு துப்புனாங்க?”

எல்லம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தாள். “யக்கா! நீங்களா? செய்யாத்துல நீங்க பேசினதைக் கேட்டுட்டு நான் மூணு நாளு தூங்கலக்கா.”

“உன் மேல துப்புனாங்களான்னு கேட்டேன்.”

“எங்க தெருவுல அப்படி இல்லக்கா. அவங்க பாவம், பேசாம நின்னுக்கினு இருந்தாங்க. ஆனா உங்களுக்கு நடந்துதுல்ல? உங்களுக்கு நடந்தா எனுக்கு நடந்த மாதிரிதானே?”

அவள் கண்ணில் களங்கம் இல்லை. வடிவு அவள் கையை விடுவித்துக்கொண்டு, “எனுக்கும் நடக்கலம்மா” என்றாள். எல்லம்மாள் புரியாமல் சிரித்தாள். அதற்குள் ராமலிங்கத்தின் ஆட்கள் அவளை ஜீப்புக்குக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் பழனியிடம், “மா மியாவுக்கு ஒரு காயிதம் எழுதுடா” என்றாள். அவன் பர்மியத்தில் எழுத உட்கார்ந்து, “இன்னா எழுதட்டும்?” என்று கேட்டான். அவள் ராட்டினத்தில் ஒரு தாரைச் சுற்றி முடித்தாள். கடைசியில், “டின் மவுங்கைப் பத்திக் கேளு” என்றாள். பழனி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தான். பிறகு எழுதினான். கடிதம் போயிற்று. பதில் இல்லை. மறுபடி எழுதினார்கள். அதற்கும் இல்லை.

பழனிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். சொந்தமாகச் சைக்கிள் கடை வைத்தான். பர்மாவைப் பற்றி யாராவது கேட்டால் வடிவு தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள். “சோம்பேறிப் பசங்க, நம்மாளு உழைச்சதைப் புடுங்கிக்கினாங்க” என்று யாராவது சொன்னால், பியாபோன் நிலத்திலிருந்து ஆரம்பிப்பாள். பாதியிலேயே கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். கங்கையம்மாளே, “அண்ணி முன்னல்லாம் எவ்ளோ நல்லா சொல்லுவாங்க, இப்ப வாத்தியாரு மாதிரி ஆயிட்டாங்க” என்று அலுத்துக்கொண்டாள்.

எழுபத்துநாலு டிசம்பரில் ஒரு நாள் பழனி பேப்பரில் ஒரு மூலைச் செய்தியைப் படித்துக் காட்டினான். ஐ.நா. சபையில் பொதுச் செயலாளராக இருந்த பர்மாக்காரர் இறந்துபோயிருந்தார். அவருக்குத் தகுந்த மரியாதை செய்யவில்லை என்று ரங்கூன் மாணவர்கள் உடலைச் சர்வகலாசாலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ராணுவம் உள்ளே புகுந்துவிட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியவில்லை.

“இன்னொரு தபா படி” என்றாள் வடிவு.

படித்தான். அவள் நெசவுக்கார வீட்டுக்குத் தர வேண்டிய தார்களைக் கூடையில் அடுக்கி மருமகளிடம் கொடுத்தனுப்பினாள். முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு, இழவு வீட்டுக்குப் போகிறவள்போல் வாசலுக்கு வந்தாள். அப்புறம் அங்கேயே நின்றாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?” என்றான் பழனி.

“எங்கியும் இல்லடா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.